நெஞ்சைத் திறக்காமல் இதய வால்வை மாற்றலாமா? வாசகர் கேள்விகளுக்கு இதய மருத்துவரின் பதில்கள்

சென்ற இதழில் இதய வால்வுச் சுருக்கம் பற்றிய கட்டுரை வெளிவந்த பின்னர், தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியாக வால்வு பொருத்தும் 'டாவி' சிகிச்சையைப் பற்றி விளக்கம் கேட்டு வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளில் அமைந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் அளிக்கிறோம். இவை பொதுவான விளக்கங்களே. நோயாளியை நேரில் பரிசோதித்த மருத்துவரின் முடிவுக்கு இவை ஈடாகா.

கேள்வி: என் தந்தைக்கு வயது 78. ஓராண்டாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இருமுறை கோயில் பிரகாரம் சுற்றும்போது மயங்கி விழுந்தார். எக்கோ எடுத்துப் பார்த்துவிட்டு, அயோர்டிக் வால்வு மிகவும் சுருங்கியிருப்பதாகவும் டாவி முறையில் மாற்றலாம் என்றும் கூறுகிறார்கள். இது நெஞ்சில் சிறு துளையிட்டுச் செய்யும் அறுவை சிகிச்சைதானா? பழைய வால்வை எந்த வழியாக வெளியே எடுப்பார்கள்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடல் முழுவதற்கும் இரத்தம் புறப்படும் வாயிலில் இருப்பது அயோர்டிக் வால்வு. மூன்று மெல்லிய இதழ்களால் ஆன இது, நலமாக இருக்கும்போது 3 முதல் 4 சதுர சென்டிமீட்டர் வரை திறக்கும். வயது ஏற ஏற அந்த இதழ்களில் கால்சியம் படிந்து, அவை விறைத்துப்போகின்றன. திறப்பு 1 சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்துவிட்டால் அதைக் கடுமையான சுருக்கம் என்கிறோம். மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, மயக்கம் ஆகிய மூன்றும் இதன் அறிகுறிகள். இவை தோன்றிய பிறகு வால்வை மாற்றாமல் விட்டால் பெரும்பாலோர் இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்வதில்லை என்பதை அமெரிக்க மருத்துவர்களான ராஸ், பிரான்வால்ட் இருவரும் 1968-லேயே எழுதிவிட்டார்கள். இதழ்களில் படிந்த கால்சியத்தைக் கரைக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. ஆகவே தங்கள் தந்தையின் மயக்கத்தை வயோதிகத்தின் கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

சிறு துளை அறுவை சிகிச்சை வேறு, டாவி வேறு. இரண்டையும் விளம்பரங்கள் ஒரே பெயரில் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். முதலாவது முறையில் அறுவை மருத்துவர் மார்பெலும்பின் மேற்பாதியை மட்டும் பிளந்தோ, வலப்புற விலா எலும்புகளுக்கு இடையே சிறிய வெட்டிட்டோ உள்ளே செல்கிறார். வெட்டு சிறியது என்றாலும் இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு, பழைய வால்வை வெட்டி எடுத்துப் புதியதைத் தைக்கும் முழுமையான அறுவை சிகிச்சை அது. டாவியில் நெஞ்சில் வெட்டே கிடையாது. தொடை இடுக்கிலுள்ள தமனியில் ஏறத்தாழ 5 அல்லது 6 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உறையைச் செலுத்தி, அதன் வழியே கத்தீட்டர் என்ற மெல்லிய நீண்ட குழாயின் நுனியில் சுருக்கி வைத்த வால்வை இதயம் வரை கொண்டுசெல்கிறார்கள். பலூனால் விரிக்கும் வகையாக இருந்தால், பேஸ்மேக்கர் கம்பியின் மூலம் இதயத்தை நிமிடத்துக்கு 180 முறைக்கு மேல் சில நொடிகள் துடிக்கச் செய்வார்கள். அந்த வேகத்தில் இரத்தம் வெளியேறும் விசை அடங்கிவிடுவதால், விரியும் வால்வு இடம் பெயராமல் உட்காரும். 'நிட்டினால்' என்ற உலோகக் கலவையாலான, தானாக விரியும் சட்டத்தில் அமைந்த வகையும் உண்டு. இதயம் நிறுத்தப்படுவதில்லை, பல மருத்துவமனைகளில் முழு மயக்கமும் கொடுப்பதில்லை. பெரும்பாலோர் மறுநாளே எழுந்து நடக்கிறார்கள். சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள்.

பழைய வால்வை யாரும் வெளியே எடுப்பதில்லை. புதிய வால்வு விரியும்போது பழைய இதழ்களைச் சுவரோடு சுவராக ஒதுக்கிவிட்டு அந்த இடத்தில் அமர்கிறது. நோய்க்குக் காரணமான கால்சியமே தையல் இல்லாத புதிய வால்வை இறுகப் பிடித்துக்கொள்ளும் ஆதாரமாகவும் ஆகிவிடுகிறது. சுருக்கமே இல்லாமல் கசிவு மட்டும் உள்ள வால்வுகளில் டாவி எளிதாக அமையாததற்கு, இந்தப் பிடிமானம் அங்கே இல்லாததே முக்கியக் காரணம்.

பிரான்சின் ருவான் நகரில் அலான் கிரிபியே என்ற மருத்துவர் 2002 ஏப்ரல் 16 அன்று இதை முதன்முதலாக ஒரு மனிதருக்குச் செய்தார். அந்த நோயாளி அறுவை சிகிச்சைக்கு ஏற்றவர் அல்லர் என்று கைவிடப்பட்டு, உயிர் ஊசலாடிய நிலையில் இருந்த 57 வயதுக்காரர். அறுவை சிகிச்சை செய்ய இயலாதவர்களிடம் நடத்தப்பட்ட 'பார்ட்னர்' ஆய்வின் முடிவு 2010-இல் வந்தது: வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 50.7 விழுக்காடு, டாவி பெற்றவர்களில் 30.7 விழுக்காடு. 2019 வாக்கில், அறுவை சிகிச்சையை நன்றாகத் தாங்கக்கூடிய முதியவர்களுக்கும் டாவி அதற்கு இளைத்ததல்ல என்று ஆய்வுகள் காட்டின. தங்கள் தந்தையின் வயதில், சி.டி. ஸ்கேனில் இரத்தக்குழாய்கள் ஒத்துவந்தால், டாவி சரியான பரிந்துரையே. பக்கவாதம் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு ஏற்படக்கூடும்; தொடைத் தமனியில் இரத்தக்கசிவு, புதிய வால்வின் ஓரத்தில் கசிவு ஆகியவையும் நேரலாம். இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, காலம் தாழ்த்தாமல் முடிவெடுங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது. பிறவியிலேயே மூன்றுக்குப் பதிலாக இரண்டு இதழ்களுடைய அயோர்டிக் வால்வு என்கிறார்கள். இப்போது அது கடுமையாகச் சுருங்கிவிட்டது. அறுவை சிகிச்சை மருத்துவர் திறந்த முறையில் உலோக வால்வு வைக்கச் சொல்கிறார். நெஞ்சைப் பிளக்காமல் டாவி செய்துகொள்ள எனக்கு விருப்பம். பணமும் தடையில்லை. பிறகு ஏன் மறுக்கிறார்கள்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வெட்டு சிறியதாக இருப்பதால் சிகிச்சை சிறந்ததாகிவிடாது. நோயாளிக்கு இன்னும் எத்தனை ஆண்டு வாழ்வு எதிர்பார்க்கப்படுகிறது, அத்தனை ஆண்டுக்கும் வால்வு ஈடுகொடுக்குமா என்பதே இங்கே முதல் கேள்வி. டாவி வால்வுகள் அனைத்தும் விலங்குத் திசுவால் செய்யப்பட்டவை. இத்தகைய திசு வால்வுகள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. வயது குறைந்தவர்களின் உடலில் அவை இன்னும் விரைவாகத் தேய்கின்றன. தங்களுக்கு இன்று டாவி செய்தால், அறுபதுகளில் அந்த வால்வுக்குள் இன்னொரு வால்வை நுழைக்க வேண்டிவரும். உள்ளே செல்லச் செல்லத் திறப்பு குறுகும். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் கரோனரி குழாய்களின் வாய் மறைக்கப்படும் அபாயமும் கூடும். மூன்றாவது முறைக்குப் பெரும்பாலும் இடமே இருக்காது. அப்போது, எழுபதுகளை எட்டிய தங்கள் நெஞ்சைத் திறந்து, சுவரோடு ஒட்டிப்போன இரண்டு உலோகச் சட்டங்களையும் பிரித்தெடுக்க வேண்டும். அந்த அறுவை சிகிச்சை, இன்று தங்களுக்குச் சொல்லப்படுவதைவிடப் பன்மடங்கு கடினமானது. அதாவது நெஞ்சைத் திறப்பதைத் தவிர்ப்பதாக நினைத்து, தாங்கும் வயதிலிருந்து தாங்காத வயதுக்கு அதைத் தள்ளிப்போடுகிறோம்.

இரண்டு இதழ் வால்வு தனியே ஒரு சிக்கல். அதன் திறப்பு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும். கால்சியமும் ஒரு பக்கமாகக் கட்டிப்பட்டிருக்கும். புதிய வால்வு அங்கே சரிசமமாக விரியாமல் போகலாம். டாவியை நிலைநாட்டிய பெரிய ஆய்வுகளில் இத்தகைய நோயாளிகள் பெரும்பாலும் சேர்க்கப்படவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலும், இவர்களில் பலருக்குப் பெருந்தமனியின் தொடக்கப் பகுதியும் விரிந்திருக்கும். அதைக் கத்தீட்டரால் சரிசெய்ய இயலாது, அறுவை சிகிச்சையில் வால்வோடு சேர்த்தே மாற்றிவிடலாம். அமெரிக்க வழிகாட்டுதல் 65 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சையையே முதலில் சொல்கிறது. ஐரோப்பிய மருத்துவர்கள் வகுத்த எல்லை அதைவிடவும் உயர்வானது.

உலோக வால்வு ஆயுள் முழுவதும் உழைக்கும். அதற்கு ஈடாக, இரத்தம் உறையாமல் காக்கும் அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரையை ஆயுள் முழுவதும் எடுத்துக்கொள்ள வேண்டும், இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையும் தவறாமல் செய்துகொள்ள வேண்டும். திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சாய்தட்டு வால்வு 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டி.டி.கே. சித்ரா என்ற பெயரில் அது இன்றும் நம் நாட்டு நோயாளிகளின் நெஞ்சில் துடித்துக்கொண்டிருக்கிறது. தழும்பைப் பற்றிய கவலைதான் பெரிது என்றால், அதைத் தங்கள் அறுவை மருத்துவரிடமே சொல்லிச் சிறிய வெட்டு முறை தங்களுக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். என் தம்பியாக இருந்தாலும் 52 வயதில் டாவிக்குச் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: என் மகளுக்கு 29 வயது, திருமணமாகி இரண்டு ஆண்டு ஆகிறது. சிறுவயதில் வந்த மூட்டுவலிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டதாகச் சொல்கிறார்கள். அவளுக்கும் கத்தீட்டர் வழியாக வால்வு மாற்றலாமா? குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?
– வாசகி, திருவண்ணாமலை

பதில்: தங்கள் மகளுக்கு வால்வை மாற்றாமலே காரியம் முடியக்கூடும் என்பது நல்ல செய்தி. தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி தாக்கி, அதன் எதிர்வினையாக வரும் ருமாட்டிக் காய்ச்சல், இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள மைட்ரல் வால்வின் இரு இதழ்களையும் அவை சேரும் ஓரங்களில் ஒட்டவைத்துவிடுகிறது. முதியவர்களின் அயோர்டிக் வால்வில் நடப்பது வேறு, இங்கே நடப்பது வேறு. ஒட்டிய இடத்தைப் பிரித்துவிட்டால் வால்வு மீண்டும் திறக்கும். இதற்காக ஜப்பானிய மருத்துவர் இனோவே உருவாக்கிய பலூன் முறை 1980-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. தொடையிலுள்ள சிரை வழியாக இதயத்தின் வலது மேலறைக்குச் சென்று, இடைச்சுவரைத் துளைத்து, மைட்ரல் வால்வுக்குள் பலூனை விரிக்கிறார்கள். ருமாட்டிக் இதய நோய் மிகுந்த நம் நாட்டில் இதில் நீண்ட அனுபவமுள்ள மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இடது மேலறையில் இரத்தக்கட்டி இருந்தாலோ, வால்வில் கசிவு அதிகமாக இருந்தாலோ, இதழ்கள் மிகவும் தடித்துக் கால்சியம் படிந்திருந்தாலோ செய்ய மாட்டார்கள். உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ இவற்றைத் தெளிவாகக் காட்டும். கர்ப்ப காலத்தில் உடலிலுள்ள இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடும்; சுருங்கிய மைட்ரல் வால்வு அந்தச் சுமையைத் தாங்காமல் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். ஆதலால் பலூன் சிகிச்சையை முதலில் முடித்துவிட்டு, மருத்துவர் சம்மதித்த பிறகு கருத்தரிப்பதே முறை. இந்த வயதில் உலோக வால்வைத் தவிர்க்க மருத்துவர்கள் முயல்வதற்கும் காரணம் உண்டு: அதற்குத் தேவையான வார்ஃபரின் வகை மாத்திரைகள் கருவைப் பாதிக்கக்கூடியவை. பலூன் செய்த பிறகும், மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை மருத்துவர் சொல்லும் காலம்வரை நிறுத்தக் கூடாது.

கேள்வி: 81 வயதான என் தாயாருக்கு வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது தற்செயலாகத் தெரிந்தது. 'எனக்கு ஒரு தொல்லையும் இல்லை, என்னை விட்டுவிடுங்கள்' என்கிறார். தொல்லை இல்லாதபோது சிகிச்சை அவசியமா?
– வாசகர், சிவகாசி

பதில்: தொல்லை இல்லை என்பதை எக்கோவை வைத்து அல்ல, அன்றாட நடவடிக்கைகளை வைத்துச் சோதித்துப் பாருங்கள். சென்ற ஆண்டு கடைத்தெரு வரை போய்வந்தவர் இன்று வாசல்படியோடு நின்றுவிடுகிறாரா? குளித்துவிட்டு வந்ததும் உட்கார்ந்துவிடுகிறாரா? மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டு, மூச்சு வாங்கவில்லை என்று சொல்லும் முதியவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்வதில்லை, அவர்களுக்கே தெரிவதில்லை. உண்மையிலேயே அறிகுறி இல்லாத 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. உடனே டாவி செய்தவர்களுக்கு, எதிர்பாராமல் மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை வெகுவாகக் குறைந்தது. ஆனால் இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கும் சில ஆண்டுகளுக்குள் வால்வு மாற்ற வேண்டியதாயிற்று. அறிகுறி இல்லாதவர் நெருக்கமான கண்காணிப்பில் காத்திருக்கலாம். ஆனால் அந்தக் காத்திருப்பு நெடுங்காலம் நீளாது என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. படுத்த படுக்கையாக இருப்பவர், நினைவு மிகவும் மங்கியவர், முற்றிய புற்றுநோய் உள்ளவர் ஆகியோருக்கு வால்வைச் சரிசெய்வதால் வாழ்வு மேம்படப் போவதில்லை. அங்கே டாவி வேண்டாம் என்று சொல்லும் மருத்துவரைக் குடும்பத்தார் கோபிக்கக் கூடாது. தங்கள் தாயார் அந்த நிலையில் இல்லை என்றால், அவருடைய விருப்பத்தைக் கேட்குமுன், சிகிச்சை செய்தால் என்ன, செய்யாவிட்டால் என்ன என்பதை மருத்துவர் அவரிடமே நேராக எடுத்துச் சொல்லட்டும்.

கேள்வி: டாவிக்கு முன் சாயம் செலுத்திச் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும் என்கிறார்கள். என் கணவர் சர்க்கரை நோயாளி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6 இருக்கிறது. ஸ்கேன் இல்லாமல் செய்ய முடியாதா?
– வாசகி, மதுரை

பதில்: இந்த ஸ்கேனை விட்டுவிடச் சொல்ல மாட்டேன். வால்வு வளையத்தின் அளவு, கரோனரி குழாய்கள் கிளம்பும் உயரம், தொடைத் தமனியின் அகலம் ஆகிய மூன்றும் இதில்தான் சரியாகத் தெரியும். பொருத்தும் வால்வின் அளவு சிறியதாகிவிட்டால் அது கசியும் அல்லது நழுவும்; பெரியதாகிவிட்டால் வளையமே கிழியக்கூடும். சிறுநீரகக் குறைபாட்டை முன்கூட்டியே சொல்லிவிட்டால் சாயத்தின் அளவைக் குறைப்பார்கள். தேவையான நீர்ச்சத்தை ஏற்றுவார்கள். மெட்ஃபார்மின் போன்ற சர்க்கரை நோய் மாத்திரைகளைச் சில நாள் நிறுத்துவது பற்றியும் சொல்வார்கள். ஸ்கேனையும் வால்வு பொருத்துவதையும் அடுத்தடுத்த நாட்களில் வைக்காமல் இடைவெளி விட்டுச் செய்யும்படி கேட்கலாம்.

கேள்வி: செலவு எவ்வளவு ஆகும்? நிலத்தை விற்றாவது என் தந்தைக்குச் செய்துவிட நினைக்கிறேன். அவருக்கு 67 வயது. வேறு நோய் எதுவும் இல்லை.
– வாசகர், திருநெல்வேலி

பதில்: செலவில் பெரும்பகுதி வால்வின் விலைதான்; பல லட்சம் ரூபாய் ஆகும். வெளிநாட்டு வால்வுகளுடன், குஜராத்தின் வாபியில் இயங்கும் மெரில் நிறுவனத்தின் மைவால் போன்ற இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. வால்வின் பெயர், விலை, மருத்துவமனைக் கட்டணம், பேஸ்மேக்கர் தேவைப்பட்டால் அதற்கான தனிச் செலவு ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீடு எதுவாக இருந்தாலும் முன்அனுமதி கடிதம் கையில் வந்த பிறகே நாள் குறியுங்கள்.

ஆனால் நிலத்தை விற்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். 67 வயதில், வேறு நோய் இல்லாத ஒருவருக்குத் திறந்த அறுவை சிகிச்சை இரண்டாந்தரச் சிகிச்சை அன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாகச் சோதித்துப் பார்க்கப்பட்ட வழி அது, செலவும் குறைவு. தழும்பும், இரண்டு மூன்று மாத ஓய்வும் அதற்கான விலை. குடும்பத்தின் வாழ்வாதாரத்தை விற்று டாவி செய்துகொள்ள வேண்டிய கட்டாயம் தங்கள் தந்தைக்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இதய மருத்துவர், அறுவை மருத்துவர் இருவரையும் ஒரே நாளில் சந்தித்துப் பேசுங்கள்.

கேள்வி: வால்வு மாட்டின் அல்லது பன்றியின் திசுவால் ஆனது என்று கேள்விப்பட்டோம். எங்கள் வீட்டில் இதை ஏற்க மாட்டார்கள். வேறு வழி உண்டா?
– வாசகர்கள் இருவர், மயிலாடுதுறை, காயல்பட்டினம்

பதில்: கேள்விப்பட்டது சரியே. பலூனால் விரியும் வால்வுகளில் பெரும்பாலானவை மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள உறையாலும், தானாக விரியும் வகைகளில் சில பன்றியின் இதய உறையாலும் ஆனவை. வேதிமுறையில் பதப்படுத்தப்பட்ட, உயிரற்ற திசு அது. இரண்டில் ஒன்று மட்டுமே தடை என்றால், மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க இயலும். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். விலங்குத் திசு எதுவுமே கூடாது என்றால் உலோக வால்வு மட்டுமே மிஞ்சும். அதற்குத் திறந்த அறுவை சிகிச்சை தேவை. சமயப் பெரியவர் ஒருவரிடம் கலந்து பேசி, உயிர்காக்கும் தேவை என்ற நிலையில் மன அமைதியோடு ஒப்புக்கொண்ட குடும்பங்களும் உண்டு. மருத்துவரிடம் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

கேள்வி: என் மாமனாருக்கு டாவி செய்த மறுநாள் இதயத்துடிப்பு குறைந்து, பேஸ்மேக்கர் வைத்தார்கள். வால்வு பொருத்தியதில் ஏதேனும் பிழை நேர்ந்திருக்குமா?
– வாசகி, ஈரோடு

பதில்: பிழை என்று சொல்ல முடியாது. இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பை எடுத்துச் செல்லும் மின்பாதை அயோர்டிக் வால்வுக்கு மிக அருகிலேயே ஓடுகிறது. விரியும் சட்டமும் ஒதுக்கப்படும் கால்சியமும் அதை அழுத்தும்போது துடிப்பு தடைபடும். டாவி பெறுவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கும், சில வகை வால்வுகளில் அதற்கு மேலும் பேஸ்மேக்கர் தேவைப்படுகிறது. முன்பே இ.சி.ஜி.யில் அந்த மின்பாதையின் வலது கிளையில் தடை தெரிந்தவர்களுக்கு இந்த வாய்ப்பு அதிகம். சிகிச்சைக்கு முன்பே குடும்பத்தாரிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டிருந்தால் அதைக் குறையாகக் கருதலாம்.

கேள்வி: டாவி செய்து எட்டு மாதம் ஆகிறது. பல் ஒன்றைப் பிடுங்க வேண்டும். இடையிடையே காய்ச்சலும் வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், புதுச்சேரி

பதில்: பல்லைவிடக் காய்ச்சலே அவசரம். செயற்கை வால்வில் கிருமி குடியேறினால் அது உயிருக்கே ஆபத்து. காரணம் தெரியாத காய்ச்சல் இருந்தால், மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்காதீர்கள். ஒரு வேளை மாத்திரைகூடக் கிருமியை மறைத்துவிட்டு நோயை உள்ளே வளரவிடும். முதலில் இரத்தக் கிருமி வளர்ப்புப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, எக்கோவும் எடுத்துப் பார்க்க வேண்டும். வால்வு நலமாக இருக்கிறது என்று உறுதியான பிறகு பல்லுக்குப் போகலாம். பல் மருத்துவரிடம், வால்வு பொருத்தியபோது கொடுத்த அட்டையைக் காட்டுங்கள். ஈறைத் தொடும் எந்தச் சிகிச்சைக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரு வேளை ஆன்டிபயாடிக் கொடுப்பார், பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினை உங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.